நல்லமுத்து சேர்க்காமல் விட்ட வயர்

நல்லமுத்து கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப் போகக் கேட்கிறவர்களுக்கு அவன்மேல் கோபம் வரும். வரட்டும், அது நியாயமான கோபம்தான். ஆனாலும் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது; அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான்.

மலாக்கா மாநிலத்தில், பெம்பானுக்கு அந்தப் பக்கம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவன். ஆறு வயதில் தாய் போய்விட்டாள். தகப்பன் இருந்தார், கள்ளுக்கடையில் இருந்தார். அவனைக் குளிப்பாட்டியதும் பள்ளிக்கு அனுப்பியதும் காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்ததும் அக்கா ஜெயமணிதான். அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவளுக்கு வந்த இரண்டு வரனையும் "தம்பி படிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். மூன்றாவது வரன் வரவில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்தி யாரும் பார்த்ததில்லை. ஜெயமணி வாய் ஓயாமல் பேசுகிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள். அவள் இந்த லயத்து வரிசை வீட்டில் பேசினால் அடுத்த லயத்தில் பதில் சொல்வார்கள்.

தம்பி படித்தான். தொழிற்பள்ளியில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போனான். தெங்கேராவில் இராஜரட்ணம் என்பவரின் கடையில் வேலை. இராஜரட்ணம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். லாரிக்கும் டாக்சிக்கும் தோட்டத்துக்கும் ரேடியோவில் ஒருவருக்கொருவர் பேசும் செட் விற்பார். நல்லமுத்து போய்ப் பொருத்திக் கொடுப்பான். வெள்ளைச் சட்டை, பையில் ஸ்குரூ டிரைவர், இடுப்பில் பேஜர். லயத்துப் பையன் அப்படி நடந்து வந்தால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜெயமணிக்குத் தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. புண் கழுவுவது, ஊசி கொதிக்க வைப்பது, கூட்டுவது. மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளில் எல்லாம் அவள்தான். சுற்றியிருந்த நான்கு தோட்டத்துக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் வேன் ஒன்றே ஒன்று, சில மைல் தள்ளிப் பெரிய டிவிஷன் என்ற தோட்டப் பிரிவில் நிற்கும். அந்த வேனைக் கூப்பிடத்தான் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு செட் வைத்திருந்தார்கள். அதைப் பொருத்தியவனும் நல்லமுத்துவே. "இத அமுக்கிட்டுப் பேசுக்கா, விட்டுட்டுக் கேளுக்கா" என்று சொல்லிக் கொடுத்தான். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தினமும் காலை ஆறரைக்கு வேன் டிரைவர் குகனைக் கூப்பிட்டு, அவன் பதில் சொன்னதும் நோட்டில் ஒரு கோடு போடுவாள். செட் வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. மூன்று வருடத்தில் ஒரு நாள் கோடு விட்டுப் போனதில்லை.

இப்போது செட் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், தண்ணீர்க் குழாய் மாதிரிதான். ஒரு பொதுக்குழாயில் இரண்டு லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிப்பதில்லையா, அது போல ஒரே அலைவரிசையை இரண்டு கம்பெனிக்குக் கொடுப்பார்கள். இவர்கள் பெம்பானில், அவர்கள் மலாக்கா டவுனில், ஒருவர் சத்தம் ஒருவருக்கு எட்டாது என்ற கணக்கு. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தொண்ணூற்று நாலில் டவுன் டாக்சி கம்பெனி ஒன்று தன் ஏரியலைப் புக்கிட் பெருவாங் மேட்டில் ஏற்றியது. உயரத்தில் ஏறினதும் சத்தம் தூரம் போயிற்று. தூரத்துச் சத்தமும் வந்தது. அந்த ஏரியலை ஏற்றியதும் நல்லமுத்துதான். அதில் தப்பில்லை, முதலாளி சொன்ன வேலை.

அதிலிருந்து டாக்சியில் எல்லாம் ஜெயமணியின் குரல் கேட்க ஆரம்பித்தது.

"அலோ அலோ, சின்ன ஆஸ்பத்திரி பேசுது! குகா, சாப்டியா? என்னா கறி? பொண்டாட்டிக்கு வாந்தி நின்னுச்சா? எலுமிச்சங்காய மோந்து பாக்கச் சொல்லு. அப்பறம் வேன் எடுத்துட்டு வா, இங்க ஒரு புள்ளைக்கு நெஞ்சு சளி."

டாக்சிக்காரர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கவுண்டரில் டாக்சி அனுப்புகிற பெண் தேவமலர். அவள் மட்டும் சிரித்துக்கொண்டே மைக்கில் சொல்வாள்: "எல்லாரும் ஒரு நிமிசம் சும்மா இருங்க லா. தோட்டத்து அக்கா பேசறாங்க. பேசி முடிக்கட்டும்." எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஜெயமணி பேசி முடித்து, "சரி, வச்சிடுறேன், முருகா" என்றதும் மறுபடி டாக்சி வேலை நடக்கும். கேலி செய்தார்கள், வழியும் விட்டார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

தனபாலன் என்று ஒரு டிரைவர். அவன் ஜெயமணியைப் போலப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரன். ஒரு நாள் டாக்சி ஸ்டாண்டில் அவன் கையை ஆட்டி ஆட்டி, "குகா, என்னா கறி?" என்று இழுக்க, சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நல்லமுத்து ஒரு காரின் ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை விட்டு வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க பெம்பான் பக்கம்தானே? யாருண்ணே இந்தம்மா? தெரியுமா?"

"எவ்ளோ தோட்டம் இருக்கு தனபாலு. யாருக்குத் தெரியும்" என்றான் நல்லமுத்து. சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம். வேறு எங்கிருந்தோ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

டாக்சியில் ஏறுகிற சுற்றுலாக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், வாந்தியும் சளியும் கேட்கிறது என்று டாக்சி முதலாளி கடைக்கு வந்து முறையிட்டார். இராஜரட்ணம் வேறு அலைவரிசை கேட்டு இலாகாவுக்குக் கடிதம் எழுதினார். அது வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் ஒரு வழி சொன்னார்.

"டோன் போட்டு விடும் நல்லமுத்து. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முனகல் சத்தம் வைக்கிறது, காதுக்குக் கேக்காது. அந்த முனகல் சேந்து வந்தால்தான் செட் வாய் திறக்கும். டாக்சிக்காரருக்கு டாக்சிக்காரர் பேசுறது மட்டும் கேக்கும். ஆனா ஒண்டு, கவுண்டரில கொக்கி வயரைக் கொளுவ மறக்காதையும். மைக்கைக் கொக்கியில இருந்து தூக்கின உடன டோன் விலகி எல்லாச் சத்தமும் கேக்கவேணும். மற்றவன் பேசிறானோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் நாங்கள் பேசலாம். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு சார்."

நன்றாகவே விளங்கியது. காதைப் பொத்திக்கொண்டால் பக்கத்து வீட்டுச் சத்தம் நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் சத்தம் நின்றுவிடவில்லை. நம் வாயும் மூடிவிடவில்லை. நாம் கத்தினால் அவர்கள் பேச்சு அமுங்கத்தான் செய்யும். அமுங்குவது நமக்குத் தெரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம். அதற்குத்தான் அந்தக் கொக்கி வயர்.

டாக்சிக்கு ஒவ்வொன்றாக டோன் போட்டான். கடைசியாகக் கவுண்டர் செட். மூடியைத் திறந்து வைத்திருந்தான், ஈயம் பற்றவைக்கும் கோல் சூடேறிக்கொண்டிருந்தது, நீல நிறத்தில் அந்தக் கொக்கி வயர் கையில் இருந்தது. அப்போது ஒரு யோசனை ஓடியது. தேவமலர் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை மைக்கைத் தூக்குவாள்? தூக்குகிற தடவை எல்லாம் அக்கா குரல் கேட்கும். கவுண்டரில் தனபாலன் கூட்டம் எப்போதும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும். இவ்வளவு பாடுபட்டும் அந்தக் கேலி நிற்காது.

வயர் முனையில் கறுப்பு டேப் சுற்றினான். உள்ளே தள்ளினான். மூடியைப் போட்டு நான்கு திருகையும் முறுக்கினான்.

மறக்கவில்லை. பின்னால் பல பேர் "மறந்திருப்பான்" என்று அவனுக்காகப் பேசினார்கள். இல்லை. தெரிந்துதான் செய்தான்.

ஒரு வாரம் கழித்து தேவமலர் சொன்னாள்: "அண்ணே, இப்ப ரொம்ப கிளியர் லா. ஆனா அந்த அக்கா குரல் கேக்காம என்னமோ மாதிரி இருக்கு."

"அவங்களுக்கும் தொந்தரவு இல்லைல" என்றான் நல்லமுத்து.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. காலை ஆறரைக்கு டாக்சி ஓட்டம் குறைவு; ஜெயமணி கூப்பிட்டால் குகனுக்குக் கேட்கும், கோடு விழும். பகலில் எப்போதாவது தடங்கல் வந்தால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள். தம்பி பொருத்திய செட், அதில் கோளாறு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய்ச் செம்பனைக் குலை பழுத்துக் கொட்டுகிறது என்று ஞாயிறும் வெட்டச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். இருளாண்டி நீளக் கம்பு அரிவாளால் குலை அறுத்துக்கொண்டிருந்தபோது கம்பு சறுக்கி அரிவாள் அவன் வலது முன்கையில் இறங்கிவிட்டது. தோளில் சாய்த்துத் தூக்கி வந்தவர்கள் அவனை ஜெயமணியிடம் விட்டுவிட்டு வண்டி தேடி ஓடினார்கள். ஜெயமணி துணியை வைத்து இறுக்கிக் கட்டினாள். ஒரு கையால் அவன் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மைக்கை எடுத்தாள். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. தோட்டத்து டெலிபோன் அந்தப் பூட்டுக்குள்ளே. அவளுக்கு இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அன்று டவுனில் முகூர்த்த நாள். தேவமலருக்கு மூச்சு விட நேரமில்லை. மைக்கைத் தூக்கினாள், அமைதியாக இருந்தது, பேசினாள். வைத்தாள், மறுபடி தூக்கினாள், அமைதியாக இருந்தது, பேசினாள். அந்த அமைதியில்தான் இருபது மைலுக்கு அப்பால் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

ஜெயமணியின் செட்டில் டோன் இல்லை. அவளுக்கு எல்லாம் கேட்டது. "குகா, குகா" என்று கூப்பிட்டாள். நடுவில் தேவமலர் குரல் வந்து விழுந்தது. கடைசியில் அந்தப் பெண்ணையே கூப்பிட்டாள்: "தங்கச்சி, டாக்சி தங்கச்சி, கொஞ்சம் நிறுத்தும்மா. ஆளு ரத்தத்துல கெடக்கறான். முன்ன எல்லாம் நிறுத்துவியே, ஒரு நிமிசம் நிறுத்தும்மா." தேவமலர் ஏழாம் நம்பர் டாக்சியைச் சர்ச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பெரிய டிவிஷனில் குகனுக்கு "அக்கா" என்றோ "வேன்" என்றோ ஒரு துண்டு கேட்டது. "என்னாக்கா?" என்று அவன் திருப்பிக் கேட்டதற்குள் அவள் குரல் அமுங்கிவிட்டது. அவனும் விட்டுவிட்டான்.

நாற்பது நிமிடம். அப்புறம் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஒன்று வந்தது, அதில் ஏற்றிப் போனார்கள். உயிர் தப்பியது. கையைத் தைத்தார்கள். மூன்று விரல் அதோடு மடங்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெயமணி தெங்கேராவுக்கு வந்தாள். துண்டில் சுற்றி அந்தச் செட்டைக் கொண்டு வந்திருந்தாள். இரண்டு ராத்திரி தூங்காத முகம். நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்கடா தம்பி. கூப்டவே இல்லையாம். பயந்து போயி உக்காந்துட்டேனாம். பாக்கியலட்சுமி, அதான் இருளாண்டி பொண்டாட்டி, என் மூஞ்சில துப்பாத கொறை. மானேஜரு வெசாரணை வைக்கிறாராம். வேலை போனா வீடும் போயிரும்."

நல்லமுத்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். பன்னிரண்டு மணி, ஞாயிறு, முகூர்த்தம். அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீயே பாத்துச் சொல்லு. செட்டு கெட்டுப் போச்சுன்னு நீ சொல்லிட்டா நான் தப்பிச்சேன். கெடலன்னா..." என்று நிறுத்தினாள். "கெடலன்னா எனக்கே புரியல சாமி. நான் கத்துனது எங்கதான் போச்சு?"

மேசையில் வைத்துப் பார்த்தான். செட் பொன் மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அக்கா எதிரில் நிற்கிறாள், இராஜரட்ணம் உள்ளே இருக்கிறார், வாயைத் திறந்தால் போதும். அவன் என்ன செய்தான் தெரியுமா? கடைத் தாளில், செட்டின் உள்பாகம் பழுது, சத்தம் வெளியே போகவில்லை என்று எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தான்.

ஜெயமணி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லாட்டி நான் என்னடா செய்வேன்" என்றாள். சுடுதண்ணீரை முகத்தில் ஊற்றியது போல இருந்தது அவனுக்கு.

பொய் அத்தோடு சும்மா இருந்ததா? இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி மணியம் கடைக்குப் போன் செய்தார்.

"நல்லமுத்து, ஒன் கடுதாசி வந்துச்சுப்பா. அதுலதான் சிக்கலு. செட்டு கெட்டுப் போயிருந்துச்சுன்னா, ஞாயித்துக்கெழமை காலைல ஒங்கக்கா கோடு எப்புடிப் போட்டுச்சு? கூப்புடாமலே போட்டிருக்குன்னு மானேஜரு சொல்றாரு. மூணு வருசக் கோடும் பொய்தான்கிறாரு. இப்ப அது பெரிய கேஸா ஆயிருச்சு. சனிக்கெழமை பத்து மணிக்கு வெசாரணை."

"குகன் என்ன சொல்றான்? காலைல பதில் சொன்னவன் அவன்தானே?"

"அவன் எத்தினி தோட்டத்துக்குப் பதில் சொல்றான். எந்த நாளு யாருன்னு ஞாபகம் இல்லைங்கறான். அன்னிக்கு மத்தியானமும் ஒண்ணும் கேக்கலைங்கறான். பயப்படறான்பா, அவனுக்கும் வேலை முக்கியம்."

போனை வைத்துவிட்டு நல்லமுத்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான். பிசைந்தான். அப்படியே மடித்து வைத்தான். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளுடைய ஆயிரம் கோட்டையும் பொய்யாக்கிவிட்டான். எழுத்துத் தெரியாதவள் எழுதியது அது ஒன்றுதான்.

எழுந்து நேரே டாக்சி கவுண்டருக்குப் போனான். மூடியைக் கழற்றி டேப்பை உரித்தான். தேவமலர் எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே? நல்லாத்தானே வேலை செய்யுது?"

"இல்லம்மா. நல்லா வேலை செய்யல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். வயரைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தேவமலர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்தக்கா என்னைய கூப்ட்டாங்களா? என்னைய நிறுத்தச் சொன்னாங்களா? நான் பாட்டுக்கு ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர்னு..." கண் நிறைந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது. "என்னையும் சேத்து இழுத்து விட்டுட்டீங்களே அண்ணே. நான் என்னா பாவம் செஞ்சேன்?"

நல்லமுத்து வயரைச் சேர்த்து மூடியைப் போட்டான். இராஜரட்ணத்திடமும் போய்ச் சொன்னான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மறந்துபோனீரோ?"

"இல்ல சார்."

"மறக்காட்டி? ஈயம் முடிஞ்சுதோ? வயர் காணாதோ?"

நல்லமுத்து அக்காவுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் சொன்னான்.

"ஐசே, என்ர முத்திரையைக் குத்திப் பொய்க் கடிதமும் குடுத்திருக்கிறீர். உம்மை இப்பவே அனுப்பலாம். அது பிறகு. முதல்ல உண்மையை எழுதும், நான் கையெழுத்து வைக்கிறன். ஏன் கொளுவேல்லை எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்லவேண்டிய இடத்தில போய்ச் சொல்லும்."

சனிக்கிழமை. தோட்டத்து ஆபீஸில் மானேஜர் நடுவில், கிராணி மணியம் பக்கத்தில். மானேஜருக்குத் தமிழ் தெரியாது. மணியம் மாற்றிச் சொல்வார். ஒரு பெஞ்சில் ஜெயமணி, எதிர்ப் பெஞ்சில் இருளாண்டி, கையில் கட்டோடு. பாக்கியலட்சுமி அவன் பக்கத்தில் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நல்லமுத்து உள்ளே வந்ததும் ஜெயமணியின் முகம் மலர்ந்தது. தனக்காகப் பேச வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

"முன்ன குடுத்த கடுதாசி பொய்யிங்க" என்றான் நல்லமுத்து. "செட்டு நல்லா இருக்கு. அக்கா கூப்ட்டாங்க. வேனுக்குக் கேக்கல. இப்ப காட்டறேன்."

கவுண்டர் வயரை அவன் சேர்த்துவிட்டிருந்தான். ஆனாலும் பத்தேகால் மணிக்கு, எதையும் காதில் வாங்காமல் மூன்று நிமிடம் விடாமல் டாக்சி நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்படி தேவமலரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். செட்டை மேசையில் வைத்து, ஜன்னல் வழியாக ஏரியலை நீட்டினான். ஜெயமணி குகனைக் கூப்பிட்டாள். மணியம் டெலிபோனில் பெரிய டிவிஷனைப் பிடித்துக் குகனிடம் கேட்டார். "பொம்பளப் புள்ள ஒண்ணு நம்பர் சொல்லுதுங்க. அக்கா குரலே இல்லீங்க" என்றான் குகன். மூன்று நிமிடம் முடிந்தது. ஜெயமணி மறுபடி கூப்பிட்டாள். "ஆங், இப்பக் கேக்குதுங்க. அக்காதாங்க" என்றான்.

மானேஜர் புருவத்தை உயர்த்தினார். நல்லமுத்து வயரைப் பற்றிச் சொன்னான். மணியம் மாற்றிச் சொன்னார். மானேஜர் ஏதோ கேட்டார்.

"சேக்க மறந்துட்டியான்னு கேக்கறாருப்பா" என்றார் மணியம். கண்ணால் ஜாடையும் காட்டினார், ஆமாம் என்று சொல்லிவிடு, முடிந்துவிடும் என்பது போல. நல்ல மனிதர். கதவைத் திறந்தே வைத்தார்.

நல்லமுத்து அக்காவைப் பார்த்தான்.

"மறக்கலிங்க. வேணும்னுதான் விட்டேன். அக்கா பேசுறது கேட்டு டாக்சிகாரங்க சிரிச்சாங்க, அதே மாதிரி பேசிக் காட்டுனாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. என் அக்கான்னு நான் யாருகிட்டயும் சொல்லல. அவங்க குரலு கேக்கக் கூடாதுன்னு வயர சேக்காம விட்டேன்."

பாக்கியலட்சுமியின் விசிறி நின்றது. மணியம் அதை மாற்றிச் சொல்லவே இல்லை. "கவனக்குறைவு" என்று மட்டும் மானேஜரிடம் சொல்லிவிட்டார். அதுதான் தாளில் ஏறியது. ஜெயமணி மேல் குற்றம் இல்லை, வேலை அவளுக்கே, கோடும் உண்மை என்று முடிந்தது.

வெளியே தகரக் கூரை நிழலில் அக்காவும் தம்பியும் நின்றார்கள். ஜெயமணி செட்டைத் துண்டில் சுற்றிக் கட்டினாள். அவள் பேசாமல் ஒரு வேலை செய்து அவன் பார்த்ததில்லை.

"எப்புடி?" என்றாள்.

"என்னாக்கா?"

"அவனுங்க என்னைய எப்புடிப் பேசிக் காட்டுவானுங்க? செய்யி. நானும் பாக்கறேன்."

"வேணாங்க்கா."

"செய்யிடா."

அடித்திருந்தால் தாங்கியிருப்பான். தொண்டையைச் செருமி, "குகா, சாப்டியா, என்னா கறி" என்று மெல்ல இழுத்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

ஜெயமணி தலையை ஆட்டினாள். "கேக்கறது தப்பாடா? அவன் பொண்டாட்டி மாசமா இருந்தா, கேட்டேன்." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "இருளாண்டிய போயிப் பாரு. என்னைய இப்பப் பாக்காத" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

இருளாண்டி வீட்டு வாசலில் பாக்கியலட்சுமி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே விடவில்லை, அது அவள் உரிமை. இருளாண்டியே வெளியே வந்தான். நல்லமுத்து காலில் விழப் போனான்.

"அதெல்லாம் வேணாம், நிமிரு" என்றான் இருளாண்டி. "ஒங்கக்கா அந்தப் பொட்டிகிட்ட கெஞ்சுச்சு பாரு, என் கையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு. லாரி வர்ற வரைக்கும் எறக்கல. அதப் பாத்தவன் நானு, அரை மயக்கத்துல. ஆறு நாளா ஊரே சொல்லுதுன்னு நானும் அதையே நம்பிட்டேன், கூப்டவே இல்லன்னு. எனக்கே இப்ப வெக்கமா இருக்கு. நீ எனக்குச் செஞ்சது ஒண்ணு, ஒங்கக்காவுக்குச் செஞ்சது ஒண்ணு. ரெண்டையும் ஒரே கும்புடுல தீத்துறலாம்னு பாக்காத."

நல்லமுத்து வேலையை இழக்கவில்லை. இராஜரட்ணம் ஆறு மாதம் அவனை டாக்சி வேலைக்கு அனுப்பாமல், பழைய இடங்களுக்கு எல்லாம் அனுப்பினார். லாரிக் கம்பெனி, மண் அள்ளும் கம்பெனி, மீன் மார்க்கெட், எங்கெங்கே டோன் போட்ட செட் இருந்ததோ அங்கெல்லாம் மூடியைக் கழற்றிக் கொக்கி வயரை இழுத்துப் பார்த்தான். சத்தம் தேவைக்கு மேல் போகிற இடத்தில் குறைத்து வைத்தான். புக்கிட் பெருவாங் ஏரியலைக் கடல் பக்கம் பார்க்கத் திருப்பினான். அடுத்த வருடம் டாக்சிக்கு வேறு அலைவரிசை வந்தது. அதற்குள் தேவமலரும் வேறு வேலைக்குப் போய்விட்டாள். போகிற வரைக்கும் மைக்கைத் தூக்கினால் மூன்று எண்ணிவிட்டுத்தான் பேசினாளாம்.

ஜெயமணி ஒரு தீபாவளி முழுக்கப் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. அப்புறம் எப்போதோ, ஒரு நாள் சாதாரணமாக, "உப்பு போதுமா?" என்று கேட்டாள். அவனும் போதும் என்றான். அதற்கு மேல் அந்த விஷயத்தை இரண்டு பேருமே எடுக்கவில்லை. மன்னித்தாளா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவனும் கேட்கவில்லை.

இருளாண்டியை மாதத்துக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது மட்டும் நல்லமுத்து பிடித்துக்கொண்டான். கடை வேனில் வருவான், ஏற்றிப் போவான், மருந்து வாங்கிக் கொடுப்பான். பாக்கியலட்சுமி வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை, டாக்டர் அந்த மூன்று விரலையும் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நல்லமுத்துவால் அடக்க முடியவில்லை.

"டாக்டர், அன்னிக்கு நாப்பது நிமிசம் முன்னால வந்திருந்தா வெரல் தப்பிச்சிருக்குமா?"

டாக்டர் இளவயதுக்காரர். கொஞ்சம் யோசித்தார். "சொல்ல முடியாது. தப்பிச்சிருக்கலாம், தப்பிக்காமலும் போயிருக்கலாம். நரம்பு அப்படி" என்றார்.

மருந்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வேனில் திரும்பினார்கள். பெம்பான் முக்கு திரும்பியதும் இருளாண்டி வாயைத் திறந்தான்.

"எதுக்குக் கேட்ட?"

"தெரிஞ்சுக்கலாம்னுதாண்ணே."

"அவரு 'தப்பிச்சிருக்காது'ன்னு சொல்லியிருந்தா, அடுத்த மாசம் நீ வர மாட்டல்ல?"

நல்லமுத்து ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். உண்மையைச் சொன்னால், டாக்டரைக் கேட்ட அந்த ஒரு நொடி அவன் அந்தப் பதிலுக்குத்தான் ஆசைப்பட்டிருந்தான்.

"வருவேண்ணே" என்றான்.

"பாப்போம்" என்றான் இருளாண்டி. ஜன்னல் கண்ணாடியை இடது கையால் இறக்கிவிட்டுக்கொண்டான்.

அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு இருளாண்டி வீட்டு வாசலில் கடை வேன் வந்து நின்றது.